கள்ளனுக்கும் பஞ்சாங்கம் தெரியும்

எங்கள் பாய்மரக் கழகத்தில் போன ஒக்டோபரில் இரண்டு தடவை களவு போனது. முதல் தடவை மூன்று எஞ்சின். பத்து நாள் கழித்து இன்னும் நாலு. ஏழும் படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற சின்ன அவுட்போட் எஞ்சின்கள். ஒருவருடைய படகிலிருந்து நங்கூரமும் சங்கிலியும்கூடப் போயின. படகு ஒன்றும் போகவில்லை. பொலிஸ் ஒரு குற்ற இலக்கம் தந்தது. காப்புறுதிக்காரன் அந்த இலக்கத்தைக் கேட்டான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

முடியாத கதை கழகத்துக்குள் நடப்பது. நிர்வாகக் குழு ஒரு திட்டம் போட்டிருக்கிறது. வளவைச் சுற்றி ஆறடிக் கம்பி வேலி, எட்டு கமெரா, படகு இறக்குகிற சாய்தளத்துக்கு இரும்புக் கதவு, "அங்கத்தவர் தவிர்ந்தோர் உள்ளே வரக்கூடாது, அந்நியரைக் கண்டால் அறிவிக்கவும்" என்று ஒரு பெரிய பலகை. கழகத்தின் சேமிப்பில் முக்கால்வாசி இதற்குப் போய்விடும். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. நான் எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன். கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள். இங்கே என் வீடு, எவ்வளவு நேரமும் கதைக்கலாம்.

கழகத்தின் பெயரை எழுதவில்லை. எசெக்ஸ் கரையில் கடலோடு சேருகிற ஒரு சேற்று ஆறு, அதன் ஓரத்தில் ஒரு மரக் கொட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய்மரக் கழகம் என்றதும் வெள்ளைக் காற்சட்டையும் ஷாம்பெயினும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். எங்களிடம் இருப்பது ஒரு கேத்தில், ஈரம் காயாத பழைய சோபா, எண்பது அங்கத்தவர். அரைவாசிப் பேர் என்னைப் போல ஓய்வூதியக்காரர். என் படகு 22 அடி, வயது நாற்பதுக்கு மேல். நான் லண்டனில் ரயில் பட்டறையில் பிற்றராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பூட்டும் ஆணியும் எனக்குப் புதிதல்ல.

முதலில் களவு எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். குழுவில் பலர் அதை யோசிக்காமலே வேலிக்குப் போய்விட்டார்கள் என்பது என் குறை.

ஐந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று 25 கிலோ அளவில் இருக்கும். இரண்டரைக் குதிரைவலு என்றால் 17 கிலோவுக்குள். ஒரு ஆள் தனியாகத் தூக்கலாம். படகின் பின்பலகையில் இரண்டு திருகுபிடிகள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. பிடிகளைத் தளர்த்தி, பெற்றோல் குழாயைக் கழற்றினால் எஞ்சின் கையில். ஒரு நிமிடம் போதும். புதிதாக வாங்கினால் ஆயிரம் பவுணுக்கு மேல். பழையதுக்கும் நல்ல விலை. எல்லாப் படகுக்கும் பொருந்தும். காருக்கு இருப்பது போல இலக்கத் தகடு கிடையாது, பதிவுப் புத்தகம் கிடையாது. வாங்குபவன் "இது யாருடையது" என்று கேட்டாலும் காட்டுவதற்கு ஒரு கடதாசியும் தேவையில்லை. கள்ளனுக்கு இதைவிட வசதியான பொருள் வேறு என்ன?

படகுக்கும் அதே நிலைதான். இந்த நாட்டில் கடலில் ஓடுகிற சொந்தப் படகைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. உள்நாட்டு ஆறுகளிலும் கால்வாய்களிலும் ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டும், கடலுக்கு வேண்டாம். சிறு கப்பல் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. விரும்பினால் சேரலாம். ஆனால் அதில் பெயர் இருப்பது படகு உங்களுடையது என்பதற்குச் சட்ட அத்தாட்சி ஆகாது. 1998-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்ற படகுகளுக்கு உடலிலேயே ஒரு அடையாள இலக்கம் இருக்கும். பின்பலகையின் வலதுபக்கம் பார்த்தால் தெரியும். உள்ளே மறைவான இடத்தில் இன்னொன்று. அமெரிக்காவில் இது 1972-லேயே வந்துவிட்டது. எங்கள் கழகத்துப் படகுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திப் பிறந்தவை. அதனால் அந்த இலக்கமும் இல்லை.

எஞ்சினுக்கு இலக்கம் உண்டு. மாட்டுகிற பிடிக்குப் பக்கத்தில் சின்னத் தகட்டில் இருக்கும். பல மொடல்களில் எஞ்சின் உடலில் ஒரு வட்ட மூடியிலும் அடித்திருப்பார்கள். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் காணலாம். தகட்டைச் சுரண்டிய கள்ளன் அந்த வட்டத்தை மறந்துவிடுவது உண்டு. களவு போன ஏழு பேரில் இலக்கத்தை எழுதி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். மற்ற ஐந்து பேரும் பொலிசுக்குச் சொன்னது "கறுப்பு நிறம், யமஹா" என்றுதான். இங்கிலாந்தில் கறுப்பும் சாம்பலும் இல்லாத எஞ்சினைக் காண்பது அரிது. ஒரு எஞ்சின் எங்கேயாவது ஒரு கொட்டிலில் பிடிபட்டாலும் அந்த ஐந்து பேருக்கும் திரும்பக் கிடைக்காது. வேலிக்குக் காசு சேர்க்கிற கழகம், அங்கத்தவரிடம் ஒரு கடதாசியை நீட்டி "இலக்கத்தை எழுதித் தாருங்கள்" என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. அதற்குச் செலவு ஒரு பேனை.

என் எஞ்சின் ஏன் தப்பியது என்று சொல்கிறேன் என்றேன். அதற்குக் கிழங்கு மஞ்சள் பூசியிருக்கிறேன். மேல்மூடி, கால், பிடி எல்லாம். மஞ்சளின் மேல் சிவப்பில் படகின் பெயர், ஒரு சாண் உயரத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். பார்க்கச் சகிக்காது. என் மகள் "அப்பா, இது என்ன கோலம்?" என்று கேட்டாள். ஊரில் வடிவான குழந்தைக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பது எதற்கு? நாவூறு படக்கூடாது என்றுதானே. இதுவும் அதுதான். கள்ளன் இதை எடுத்தால் மூடியை மாற்ற வேண்டும், கீழே முழுவதையும் சுரண்ட வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்துப் படகில் இருப்பதைக் கழற்றிவிடலாம். அவன் அதைத்தான் செய்தான். பக்கத்துப் படகுக்காரர் என் நல்ல நண்பர். அவருக்கு இது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

பூட்டும் போட்டிருக்கிறேன். இரண்டு திருகுபிடிகளையும் மூடுகிற இரும்புக் குழாய்ப் பூட்டு. மோசமான பூட்டல்ல, ஆனால் பற்றரியில் ஓடுகிற அரைக்கும் மெஷின் இருந்தால் இரண்டு நிமிடம் தாங்காது. இருந்தும் போட வேண்டும். இரண்டு காரணம். ஒன்று, அரைக்கிற சத்தம் அமைதியான இரவில் தண்ணீருக்கு மேல் ஒரு மைல் கேட்கும். மற்றது காப்புறுதி. அநேகமான படகுக் காப்புறுதிகளில், எஞ்சின் தன் வழமையான பிடிக்கு மேலதிகமாகக் களவுத் தடுப்புப் பூட்டால் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர்கள் களவு போன பிறகுதான் வாசிக்கிறார்கள். எங்கள் ஏழு பேரில் எத்தனை பேருக்குக் காசு வந்தது என்று எழுதினால் அவர்கள் என்னோடு கதைக்கமாட்டார்கள்.

"எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போவதுதானே" என்பார்கள். வல்வெட்டித்துறையில் நான் சிறுவனாக இருந்தபோது எஞ்சின் வள்ளம் வைத்திருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். தொழிலால் வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வாடிக்குப் போவார்கள். வள்ளத்தை விட்டாலும் எஞ்சினை விடமாட்டார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கில்லை, அடுப்பு எரிகிற விஷயம். ஆனால் அவர்களுடைய வள்ளம் கரையில் நின்றது, அவர்களுக்கு வயது முப்பது. எங்கள் படகுகள் ஆற்றின் நடுவில் மிதவையில் கட்டியிருக்கின்றன. எழுபது வயதில் 25 கிலோவைத் தூக்கி, ஆடுகிற படகிலிருந்து இன்னும் கூட ஆடுகிற சின்னத் தோணிக்குள் இறக்குவது என்பது, கள்ளனுக்குப் பதிலாக ஆற்றுக்கு எஞ்சினைக் கொடுப்பது. சில சமயம் ஆளையும் சேர்த்து.

இனி அந்த இரண்டு களவுக்கும் வருவோம்.

முதல் களவு ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில். குளிர்காலத்துக்காகக் கரைக்கு ஏற்றி வளவுக்குள் நிறுத்தியிருந்த படகுகளில். ஒரு வெள்ளை வான் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி, கையில் ஒரு கடதாசிப் பலகை. குளிர்காலத்தில் எஞ்சின்களைப் பராமரிப்புக்குக் கொண்டு போகிற ஆக்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். எங்கள் அங்கத்தவர் மூன்று பேர் அப்போது வளவுக்குள்தான் நின்றார்கள். ஒருவர் அவர்களுக்குக் கையும் காட்டினார். கதவைத் திறந்துவிட்டது யார் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஆளுக்கு வயது எண்பத்தொன்று.

இரண்டாவது களவு அமாவாசை கழிந்த அடுத்த நாள் இரவு. மிதவையில் நின்ற படகுகளில். வந்தவர்கள் தங்கள் படகில் வரவில்லை. கரையில் அடுக்கி வைத்திருந்த எங்கள் சின்னத் தோணிகளில் ஒன்றை எடுத்து, அதற்குள் கிடந்த எங்கள் துடுப்பாலேயே வலித்துப் போய், நாலு எஞ்சினையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தோணியைத் திருப்பி அடுக்கில் வைத்துவிட்டும் போயிருக்கிறார்கள். அந்த ஒழுங்கு எங்கள் அங்கத்தவர் சிலரிடம் இல்லை.

விடியற்காலை நாயோடு கடலணை மேல் நடக்கிற ஒரு மனிதர் அந்த வானைப் பார்த்திருக்கிறார். விளக்கு அணைத்தபடி ஒழுங்கைக்குள் நின்றதாம். இலக்கத்தின் முதல் நாலு எழுத்துகூட அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அவர் அதைச் சொன்னது நாலு நாள் கழித்து, கடையில் பால் வாங்கும்போது எங்கள் உறுப்பினர் ஒருவரைத் தற்செயலாகக் கண்டபோது. ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "யாரிடம் சொல்வது? உங்கள் கதவில் 'தனியார் இடம்' என்று மட்டும்தானே இருக்கிறது?"

என்னைப் பொறுத்தவரை அந்த மனிதர் அந்த ஒரு வரியில் குழுவின் திட்டம் முழுவதற்கும் பதில் சொல்லிவிட்டார். அந்தக் கடலணைப் பாதை பொதுவழி. அதை மூடக் கழகத்துக்கு உரிமையில்லை. ஆனால் சாய்தளத்துக்குக் கதவு போட்டால், அங்கே வந்து மீன் பிடிக்கிறவர்களும், தூண்டில் இரைக்குச் சேற்றில் புழு கிண்டுகிறவர்களும், நாய்க்காரர்களும் வரமாட்டார்கள். விடிய நாலு மணிக்கு அந்த ஆற்றங்கரையில் விழித்திருக்கிற சனம் அவர்கள்தான். நாங்கள் எண்பது பேரும் அந்த நேரம் குறட்டை. கூலியில்லாமல் காவல் நிற்கிறவனை வெளியே தள்ளிவிட்டு, காசு கொடுத்துக் கமெரா வாங்குவது என்ன கணக்கு?

கமெராவைப் பற்றியும் ஒன்று. முதல் களவு நடந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கமெரா இருந்தது. படமும் இருக்கிறது. மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு முதுகுகள், வடிவாகத் தெரிகின்றன. மிதவைகளோ கரையிலிருந்து இருநூறு யார் தள்ளி. இருட்டில், மழையில், அந்தத் தூரத்தில் கமெரா எடுப்பது சாம்பல் நிறம் மட்டும்தான். எஞ்சினுக்குள் ஒளித்து வைக்கிற ஆப்பிள் எயர்ராக் பற்றியும் பிள்ளைகள் சொல்கிறார்கள். அது தானாகச் செய்மதியோடு பேசுகிற சாமான் இல்லை. பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய ஐபோன் அதைக் கண்டு சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். சேற்று நிலத்தின் நடுவில் கடற்பறவைகளிடம் ஐபோன் இல்லை. அதோடு தன்னோடு கூடவே ஒரு ராக் வருகிறது என்று கள்ளனுடைய போனுக்கும் அது அறிவித்துவிடும். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பி நித்திரை கொள்ள வேண்டாம்.

படகுக்காரரின் களவுத் தடுப்பில் நான் வாசித்ததிலேயே பிடித்தது ஜோசுவா ஸ்லோக்கம் செய்தது. தனியாளாக முதன்முதல் உலகத்தைப் பாய்க்கப்பலில் சுற்றியவர். 1896-ல் தென்னமெரிக்காவின் அடி முனையில், மகெலன் நீரிணையில், நங்கூரம் போட்டுப் படுக்கும்போது இரவில் ஆட்கள் ஏறிவிடுவார்கள் என்று பயம். புறப்படுமுன் ஒரு நண்பர் கொடுத்த கம்பளம் அடிக்கிற சின்ன ஆணிகளைத் தளம் முழுக்கத் தூவிவிட்டுப் படுத்தார். வெறுங்காலோடு ஏறியவர்கள் கத்திக்கொண்டு குதித்தார்கள். இன்றைக்குக் கள்ளன் சப்பாத்துப் போட்டு வருகிறான். எங்கள் ஆணி எங்கள் காலுக்குத்தான் குத்தும்.

சரி, வேலி வேண்டாம், கமெரா வேண்டாம் என்றால் வேறு என்ன?

என் பெறாமகள் குடும்பம் ஸ்ரொக்ஹோமில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது அவளுடைய கணவர் என்னை ஒரு இரவு தங்கள் படகுக் கழகத்துக்குக் கூட்டிப்போனார். உல்லாசத்துக்கு அல்ல, காவலுக்கு. சுவீடனில் அநேகமான படகுக் கழகங்களில் இது வழமை. ஒவ்வொரு அங்கத்தவரும் பருவத்துக்கு ஒன்றிரண்டு இரவு காவல் நிற்க வேண்டும். வராவிட்டால் தண்டப்பணம். இரண்டு பேர் சேர்ந்து, ரோர்ச்சோடு மேடைகளில் நடப்பார்கள். கயிறு கழன்ற படகைக் கட்டுவார்கள். தண்ணீர் புகுந்த படகைக் கண்டால் சொந்தக்காரனுக்குப் போன் பண்ணுவார்கள். ஒரு கொப்பியில் எழுதுவார்கள். அவ்வளவுதான். கள்ளனை மடக்கிப் பிடிப்பது அவர்களுடைய வேலையில்லை, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். வெளிச்சம் காட்டு, தள்ளி நில், பொலிசைக் கூப்பிடு. ஆள் நடமாட்டம் தெரிந்தாலே வந்தவன் வேறு இடம் பார்த்துப் போய்விடுவான். எஞ்சின் களவு அந்த நாட்டிலும் பெரிய தொல்லைதான், காவலால் எல்லாம் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று இரவு நான் அங்கே கண்டது ஒரு கழகம். எங்களுடையது வெறும் வாகனத் தரிப்பிடம்.

இதை நான் எங்கள் செயலாளரிடம் சொன்னேன். "வயதான ஆக்கள், ஒவ்வொரு இரவும் முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. ஸ்ரொக்ஹோம் பக்கம் வற்றுப்பெருக்கு இல்லை என்றே சொல்லலாம், அதனால் அவர்கள் ஒவ்வொரு இரவும் நிற்க வேண்டும். எங்களுக்கு அப்படியில்லை. கடலே எங்களுக்கு அரைவாசிக் காவல்.

எங்கள் ஆற்றில் பெரிய வெள்ளத்தில் நாலைந்து மீற்றர் தண்ணீர் ஏறி இறங்கும். யாழ்ப்பாணக் கடலில் ஒரு முழம் ஏறினாலே பெரிது, அங்கே வளர்ந்தவனுக்கு இது முதலில் நம்ப முடியாத சங்கதி. வற்றினால் மிதவைகளைச் சுற்றிச் சேறு, தொடையளவு. அதில் எஞ்சினோடு நடக்க யாராலும் முடியாது. மிதவைக்குப் போய்வர வேண்டுமென்றால் தண்ணீர் உச்சத்துக்கு வருகிற நேரத்தோடு முன்னும் பின்னும் இரண்டு மூன்று மணித்தியாலம்தான்.

அந்த உச்சம் எப்போது வரும்? எசெக்ஸ் கரையில் அமாவாசை, பறுவத்தை ஒட்டிய பெரிய வெள்ள நாட்களில் உச்சம் எப்போதும் நடுமத்தியானத்தை ஒட்டியும் நடுச்சாமத்தை ஒட்டியும்தான் வரும். இடையில் வருகிற சின்ன வெள்ள நாட்களில் காலை ஆறேழு மணிக்கும் பின்னேரம் ஆறேழு மணிக்கும். அப்போது ஆற்றங்கரையில் சனம் இருக்கும். ஆகவே மிதவையில் களவெடுக்க வசதியான இரவு, அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாலு நாள். அதிலும் அமாவாசை என்றால் கும்மிருட்டும் சேர்ந்துவிடும். எங்கள் குசினியில் தொங்குகிற யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே கள்ளன் வருகிற நாள் தெரியும். வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டைகூட இதற்குத் தேவையில்லை. இரண்டாவது களவு நடந்த நாளை நான் பஞ்சாங்கத்தில் காட்டியபோது செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அது எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டார்.

கணக்கைப் பாருங்கள். படகுகள் மிதவையில் நின்று, இரவும் நீளமாக இருப்பது செப்ரெம்பர் தொடக்கம் நவம்பர் நடுவரை. அதில் ஐந்து பெரிய வெள்ளம் வரும், ஒவ்வொன்றுக்கும் நாலு இரவு, மொத்தம் இருபது. வசந்தத்தில் படகு இறக்குகிற காலத்துக்கு இன்னொரு இருபது. நாற்பது இரவு, இரவுக்கு இரண்டு பேர். எண்பது. எங்கள் அங்கத்தவர் தொகையும் எண்பது. ஆளுக்கு ஒரு இரவு, அதுவும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. நடக்க ஏலாதவர்கள் கொட்டிலில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தாலே போதும். விளக்கெரிகிற யன்னல் எட்டுக் கமெராவுக்குச் சமன் என்பது என் எண்ணம்.

இதோடு சின்ன வேலைகள் சில. தோணிகளை ஒரே கம்பிவடத்தால் கோர்த்துப் பூட்டுவது, துடுப்பை ஒருவரும் உள்ளே விட்டுப் போகாதிருப்பது. வான் சாய்தளம் வரை வராமல், பூட்டிக் கழற்றக்கூடிய ஒரு இரும்புத் தூண் நடுவது. நடக்கிறவனுக்குத் தடையில்லை, சக்கரத்துக்கு மட்டும் தடை. நாலு எஞ்சின் நூறு கிலோ, அதைத் தோளில் சுமந்து ஒழுங்கை முழுதும் நடக்க விடுவோம். எஞ்சின் இலக்கங்கள் ஒரு கொப்பியில். எல்லா எஞ்சினுக்கும் மஞ்சள் பூச்சு, வேண்டுமென்றால் நான் பூசித் தருகிறேன்.

இனிப் பலகை. எனக்கு உண்மையில் தொண்டைக்குள் நிற்பது அதுதான்.

இரண்டாவது களவுக்குப் பிறகு ஒரு பின்னேரம் நான் என் படகில் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தேன். கழகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் ரோர்ச்சை என் முகத்தில் அடித்து, "உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா?" என்று கேட்டார். இந்த நாட்டில் அந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் இந்தக் கழகத்தில் பத்தொன்பது வருடம். அவர் மூன்று மாதம். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஒருவராவது கேட்கிறாரே என்று இருந்தது. என் குறை வேறு. அந்தப் புதன்கிழமை மஞ்சள் மேலங்கிக்காரரிடம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் "எங்கள் ஆக்கள்" போல இருந்தார்கள், கை காட்டினார்கள். கேட்பதென்றால் எல்லாரையும் கேட்கட்டும். "உங்கள் படகு எது?" என்று என்னையும் கேட்கட்டும், வான்காரனையும் கேட்கட்டும், குழுத் தலைவரையும் கேட்கட்டும். அந்நியரைக் கண்டால் அறிவிக்கவும் என்று பலகை போட்டால், யார் அந்நியர் என்பதை ஒவ்வொருவரும் தன் கண்ணால் முடிவு செய்வார்கள். அந்தக் கண் எங்கே போகும் என்று எனக்கு அனுபவம் உண்டு.

கொட்டிலில் இன்னொரு கதையும் ஓடுகிறது. கால்வாயைக் கடந்து ரப்பர் படகில் வருகிற அகதிகளுக்குத்தான் இந்த எஞ்சின்கள் போகின்றன என்று. அந்தப் படகுகள் புறப்படுவது பிரான்ஸ் கரையிலிருந்து. மலிவு ரப்பர் படகும் எஞ்சினும் அங்கே தரைவழியாக, ஜேர்மனி ஊடாக வருகின்றன என்று இந்த நாட்டுக் குற்றப் புலனாய்வு அமைப்பே சொல்லியிருக்கிறது. எசெக்ஸில் சேற்றுக்குள் நின்று ஐந்து குதிரைவலுவைக் கழற்றி அங்கே அனுப்ப வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஐம்பது அறுபது பேரை ஏற்றிய படகை அது தள்ளவும் மாட்டாது. இதை நான் சொன்னபோது ஒருவர், "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் சனம் இரவோடு இரவாக வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் கரைக்குப் போனது அவருக்குத் தெரியாது. எத்தனை பேருக்கு எத்தனை குதிரைவலு என்ற கணக்கு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. போர்க்காலத்தில் வடக்குக் கடலில் எஞ்சினின் குதிரைவலுவுக்கே அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. அதை அங்கே விளக்கப் போனால் மூன்று நிமிடம் காணாது. விட்டுவிட்டேன்.

என் யோசனைப் பலகை இது: "வணக்கம். வித்தியாசமாக ஏதும் கண்டால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்." கீழே காவல் கொப்பி வைத்திருப்பவரின் போன் இலக்கம். களவு நடந்துகொண்டிருந்தால் 999, நடந்து முடிந்தால் 101. நாய்க்கார மனிதரை நத்தார் விருந்துக்குக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் குழுவில் ஏகமனதாகச் சம்மதம். அவர் வந்தார், நாயும் வந்தது.

வாக்கெடுப்பில் நான் தோற்கக்கூடும். வேலி என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள், காசு கொடுத்தால் முடிந்துவிடும். காவல் என்றால் தான் போக வேண்டும், ஒக்டோபர் குளிரில். எனக்கும் அது விருப்பமான வேலை என்று நினைக்காதீர்கள், என் முழங்கால் இரண்டும் அதற்கு எதிராகத்தான் வாக்களிக்கும். இருந்தாலும் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் கொட்டில் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டேன். வசந்தகாலத்து இருபது இரவுகளும் பஞ்சாங்கப்படி எழுதியிருக்கின்றன. இன்று வரை பதினேழு பெயர் விழுந்திருக்கிறது. முதல் அமாவாசை இரவுக்கு என் பெயர். பக்கத்தில் எழுதியிருப்பது ரோர்ச் அடித்த அந்தப் புது அங்கத்தவர். தேத்தண்ணி நான் கொண்டு போகிறேன், பிஸ்கற் தான் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.